உருகி ஓடிய மெழுகின் வடிவம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இந்தப் பகுதியில் அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வந்தது என்பதை விளக்க உதவும் ஹிக்ஸ் போசான் என்னும் துகள் குறித்து நான் எழுதிய சிறு பதிலுக்கு, எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்தவை. "2012-இல் அந்தத் துகள் கண்டுபிடிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். 'கண்டுபிடிக்கப்பட்டது' என்ற சொல்லையே பலரும் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, ஹிக்ஸ் துகள் தோன்றிய கணமே அழிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அதைப் பார்த்தவர் யார்? பார்க்காத ஒன்றைக் கண்டுபிடித்ததாக எப்படிச் சொல்வது?
– கல்லூரி மாணவி, சுவாமிமலை

பதில்: யாரும் பார்க்கவில்லை, இனி யாரும் பார்க்கப்போவதும் இல்லை. ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடியும் கோடியால் வகுத்து, அதையும் இன்னொரு முறை கோடியால் வகுங்கள். அப்படிக் கிடைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலானது, கோட்பாட்டின்படி அதன் ஆயுள். அதற்குள் அது பிறந்த இடத்தை விட்டு ஓர் அணுவின் அகலம்கூட நகர்ந்திருக்காது.

ஆனால் இல்லாமற்போன ஒன்றின் வடிவத்தை அறிவது எப்படி என்பதை உங்கள் ஊர்ப் பட்டறைகளில் நீங்கள் சிறு வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். ஸ்தபதி தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் செய்கிறார். அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைக்கிறார். பிறகு சூடேற்றி மெழுகை உருக்கி வெளியே ஓடவிடுகிறார். உலோகத்தை வார்க்கும் நேரத்தில் மெழுகு அங்கே இல்லை. ஆயினும் அதன் விரல் மடிப்பு வரை வார்ப்பில் வந்து நிற்கிறது. மெழுகை நாம் பார்க்கவில்லை என்பதால், அப்படி ஒரு மெழுகு உருவம் இருந்ததில்லை என்று யாரும் சொல்வதில்லை.

பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லையில், ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவியில், ஏறத்தாழ 27 கி.மீ. சுற்றளவுள்ள நிலத்தடி வளையத்துக்குள் புரோட்டான்கள் எதிரெதிர்த் திசைகளில் நொடிக்கு 11,000 முறைக்கு மேல் சுற்றி வந்து, நான்கு இடங்களில் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஏறக்குறைய நூறு கோடி மோதல்களில் ஒன்றில் ஒரு ஹிக்ஸ் துகள் உண்டாகிறது. அப்படி உண்டானவற்றிலும், ஆயிரத்துக்கு இரண்டு மட்டுமே இரண்டு ஒளித்துகள்களாக, அதாவது ஃபோட்டான்களாகச் சிதைகின்றன. இவ்வளவு அரிதான அந்தச் சிதைவுதான் நமக்கு வாய்த்த வார்ப்பு.

மோதும் இடத்தைச் சுற்றிக் கட்டப்பட்டுள்ள கருவிகளுள் ஒன்றான சி.எம்.எஸ்.-இல் 75,848 படிகங்கள் இருக்கின்றன. ஈய டங்ஸ்டேட் என்னும் பொருளால் ஆன அவை பார்வைக்குக் கண்ணாடிபோல் தெளிந்தவை; அடர்த்தியிலோ இரும்பை மிஞ்சுபவை. ஓர் ஒளித்துகள் படிகத்துக்குள் நுழைந்ததும் சிறு துகள்களின் பொழிவாக உடைந்து, படிகம் மின்னுகிறது; அந்த மின்னலின் அளவைக் கொண்டு ஒளித்துகளின் ஆற்றலைக் கணக்கிடுகிறார்கள். இரண்டு ஒளித்துகள்களின் ஆற்றலும் அவற்றுக்கிடையே உள்ள கோணமும் தெரிந்துவிட்டால், அவை ஒரே தாய்த் துகளிலிருந்து வந்திருக்குமானால் அந்தத் தாயின் நிறை என்னவாக இருந்திருக்கும் என்பதைக் கணித்துவிடலாம். தொடர்பில்லாத இரண்டு ஒளித்துகள்களை வைத்து இதே கணக்கைப் போட்டால் விடை கண்டபடி சிதறும். உண்மையிலேயே ஒரு தாய் இருந்திருந்தால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே எண் வரும். லட்சக்கணக்கான இணைகளுக்குக் கணக்கிட்டு வரைபடத்தில் குறித்தபோது, சரிந்து இறங்கிய கோட்டின் மேல் ஓரிடத்தில் சிறு மேடு எழுந்தது. அந்த இடம் ஏறத்தாழ 125 கிகா எலெக்ட்ரான் வோல்ட். அதாவது புரோட்டானின் நிறையைப்போல் சுமார் 133 மடங்கு. அட்லஸ் என்னும் மற்றொரு கருவியில் வேறு ஒரு குழுவினர் தனியாகப் போட்ட கணக்கிலும் அதே இடத்தில் மேடு வந்தது. 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்டது அதுதான். அந்தத் துகள் இருக்க வேண்டும் என்று 1964-இல் எழுதிய பீட்டர் ஹிக்ஸ், 48 ஆண்டுகள் கழித்து அந்த அரங்கில் அமர்ந்து கண்களைத் துடைத்துக்கொண்டார்.

கேள்வி: வரைபடத்தில் மேடு தெரிந்தால் போதுமா? தற்செயலாகவும் மேடு எழலாம் அல்லவா?
– ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், மன்னார்குடி

பதில்: எழலாம், எழுந்தும் இருக்கிறது. இந்தத் துறையின் உழைப்பில் பெரும்பகுதி, தன் கண்ணுக்குத் தெரிந்ததைத் தானே நம்ப மறுப்பதற்காகவே செலவாகிறது. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நாம் சொல்வதைத் துகள் இயற்பியலார் எண்ணிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு '5 சிக்மா' என்று பெயர். புதிய துகள் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், தொடர்பில்லாத ஒளித்துகள் இணைகள் போன்ற வெறும் பின்னணி நிகழ்வுகளே இவ்வளவு பெரிய மேட்டைத் தற்செயலாக உண்டாக்குவதற்கான வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதன் பொருள். நாணயத்தை 22 முறை சுண்டி, 22 முறையும் தலையே விழுவது ஏறத்தாழ 42 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அதற்கு நெருங்கிய கண்டிப்பு இது. கணக்கு ஆசிரியரான தங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 'துகள் இல்லாமலிருக்க 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு' என்று செய்திகளில் எழுதுகிறார்களே, அது வேறு கூற்று, அது தவறு.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்கு 2015 டிசம்பரில் நடந்ததே சான்று. 750 கிகா எலெக்ட்ரான் வோல்ட் அருகே, இதே ஒளித்துகள் இணைகளில், அட்லஸ், சி.எம்.எஸ். ஆகிய இரண்டு கருவிகளிலுமே ஒரு மேடு தென்பட்டது. 5 சிக்மாவை எட்டவில்லை. ஆயினும் இரண்டிலும் ஒரே இடத்தில் தெரிந்ததால் ஆவல் பொங்கியது. அது என்ன துகளாக இருக்கலாம் என்று சில மாதங்களுக்குள் நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016-இல் மேலும் பன்மடங்கு தரவுகள் சேர்ந்தபோது மேடு கரைந்து சமவெளியானது. அதைக் கண்ட குழுவினரே ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் எழுந்து நின்று, 'இல்லை' என்று அறிவித்தார்கள். என்னைப் பொறுத்தவரை ஹிக்ஸ் அறிவிப்புக்கு இணையாக மதிக்க வேண்டிய நாள் அது.

அளவைகளிலும் இதே நிலைதான். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் இயங்கிய டெவட்ரான் மோதுவி 2011-இல் நிறுத்தப்பட்டது. அதன் தரவுகளைப் பதினோர் ஆண்டுகள் சலித்தெடுத்த ஒரு குழு, 2022-இல், கதிரியக்கச் சிதைவில் பங்குபெறும் டபிள்யூ போசான் என்னும் துகளின் நிறை எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் என்று அறிவித்தது. 2024-இல் சி.எம்.எஸ். குழு அளந்தபோது, கோட்பாடு சொல்லும் இடத்திலேயே அது நின்றது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தெரியும் வரை இரண்டு எண்களும் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை வைத்துக்கொள்வதில்லை.

கேள்வி: இத்தனை கோடி மோதல்களின் தரவுகளையும் எந்தக் கணினியில் சேமிக்கிறார்கள்?
– மென்பொருள் பொறியாளர், வலங்கைமான்

பதில்: சேமிப்பதில்லை, மிகப்பெரும் பகுதியை அந்தக் கணமே எறிந்துவிடுகிறார்கள். நொடிக்கு 4 கோடி முறை புரோட்டான் கொத்துகள் ஒன்றையொன்று கடக்கின்றன. ஒவ்வொரு முறையும், நொடியில் பத்து லட்சத்தில் நான்கு பங்கு அளவான நேரத்துக்குள், இதற்கென்றே செய்யப்பட்ட மின்னணுச் சுற்றுகள் 'வைத்துக்கொள்' அல்லது 'விட்டுவிடு' என்று தீர்மானிக்கின்றன. நொடிக்குச் சுமார் 1 லட்சம் தப்புகின்றன. அவற்றை ஆயிரக்கணக்கான கணினிகள் மீண்டும் ஆராய்ந்து சில ஆயிரமாகக் குறைத்து, அவற்றை மட்டுமே பதிவு செய்கின்றன.

களத்துமேட்டில் நெல் தூற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காற்றோடு போவது பதர்தானா என்பதை அங்கே ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிடலாம். மணி போயிருந்தால் மறுபடி கூட்டியெடுத்துத் தூற்றலாம். இங்கே விட்டது விட்டதுதான். நாம் எதிர்பார்க்கும் அடையாளங்களை வைத்தே சல்லடையின் கண்ணை அமைக்கிறோம். எதிர்பாராத ஒன்று அந்தக் கண்ணின் வழியே ஒழுகிப்போய்க்கொண்டே இருக்கலாம். இந்தத் துறையில் என்னை உண்மையிலேயே உறுத்துகிற இடம் இது. அங்கே பணிபுரிகிறவர்களையும் இது உறுத்துவதால்தான், எந்த நிபந்தனையும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிய ஒரு சிறு பங்கையும் அவர்கள் தொடர்ந்து பதிவு செய்துவருகிறார்கள்.

கேள்வி: கடலில் ஓதம் ஏறுவதும் வற்றுவதும் எங்களுக்குப் பழக்கமானது. நிலவு அந்த மோதுவியையும் அசைக்கிறது என்று ஒருவர் சொன்னார். பாறைக்கு அடியில் இருப்பதை நிலவு எப்படி அசைக்கும்?
– மீனவக் குடும்பத்து ஆசிரியை, நாகப்பட்டினம்

பதில்: உண்மைதான் அம்மா. கடலை இழுக்கும் நிலவு நிலத்தையும் இழுக்கிறது; நிலம் இறுகியது என்பதால் நமக்குத் தெரிவதில்லை. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஜெனீவாப் பகுதியின் தரை ஏறத்தாழ 25 செ.மீ. வரை எழுந்து தாழ்கிறது. வீடும் சாலையும் மலையும் ஒன்றாக எழுவதால் யாருடைய கண்ணுக்கும் அது படுவதில்லை.

இப்போதைய மோதுவி இருக்கும் அதே சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை, எலெக்ட்ரான்களையும் அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களையும் மோதவிட்ட லெப் என்னும் எந்திரம் இயங்கியது. டபிள்யூ போசானின் உறவுத் துகளான இசட் போசானின் நிறையை மிக நுட்பமாக அளப்பது அதன் முதன்மையான பணி. அளக்க அளக்க, கற்றையின் ஆற்றல் நேரத்துக்கு நேரம் சிறிது ஏறி இறங்குவதைக் கண்டார்கள். நிலவின் இழுப்பால் 27 கி.மீ. வளையம் சுமார் 1 மி.மீ. நீண்டு சுருங்கியதே காரணம். துகள்கள் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ரேடியோ அலையால் கட்டிவைக்கப்பட்டிருப்பதால், வளையம் நீண்டாலும் அவற்றின் பாதை நீள முடியாது; எனவே அவை குழாயின் நடுக்கோட்டை விட்டு மயிரிழை விலகி ஓடுகின்றன; விலகியவுடன் காந்தங்கள் அவற்றை வேறு அளவில் வளைக்க, ஆற்றல் மாறிவிடுகிறது. ஜெனீவா ஏரியின் நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அதன் எடை நிலத்தை அழுத்தும் விளைவுகூடக் கணக்கில் தெரிந்தது.

நிலவையும் ஏரியையும் கழித்த பிறகும் ஒரு சலனம் எஞ்சியது. பகலெல்லாம் இருக்கும், நள்ளிரவுக்குப் பின் அடங்கும், விடியற்காலையில் மீண்டும் தொடங்கும். பலரும் பலவிதமாக எண்ணிப் பார்த்தார்கள். பிரான்சில் ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த ஒரு நாளில் அது அடியோடு அடங்கியிருந்தது. ரயில் தண்டவாளத்திலிருந்து கசிந்த மின்னோட்டம் மண் வழியே வந்து, எந்திரத்தின் உலோகக் குழாயிலும் ஓடி, காந்தங்களின் புலத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இவை அனைத்தையும் கழித்த பிறகே, இசட் போசானின் நிறையை ஒரு லட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்குத் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. நிலவும் ஏரியும் ரயிலும் ஒரு துகளின் நிறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

கேள்வி: நான் போர் போடும் வேலை செய்பவன். 100 மீட்டர் ஆழத்தில் 27 கி.மீ. தோண்டினால் தண்ணீர் ஊறாதா? நம் பகுதியில் இப்படித் தோண்ட முடியுமா?
– நீடாமங்கலம்

பதில்: தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. அந்தச் சுரங்கத்தின் பெரும்பகுதி, மணற்கல்லும் களிக்கல்லும் கலந்த இறுகிய பாறையில் செல்கிறது. நீர் அதிகம் புகாத பாறை அது. ஆனால் ஜூரா மலைக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையைத் தொட்ட பகுதியில் நீர் பீறிட்டு, லெப் காலத்தில் தோண்டும் வேலை தடைபட்டது. பிறகு செஸ்ஸி என்ற ஊரில் சி.எம்.எஸ். கருவிக்குக் கிணறுபோல் இறங்கும் துளையைத் தோண்டியபோது, மேலே நீரோடும் சரளைப் படிவம் குறுக்கிட்டது. சுற்றிலும் துளைகள் இட்டு, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உப்புநீரை ஓடவிட்டு நிலத்தையே உறையவைத்தார்கள். நீரோட்டத்தின் வேகத்தால் பனிச்சுவர் முழுதாகக் கூடாதபோது திரவ நைட்ரஜனை விட்டு அதை மூடி, அந்தச் சுவருக்குள்தான் தோண்டினார்கள். அங்கே மேல்மண்ணில் நான்காம் நூற்றாண்டு ரோமானியர் வீட்டின் எச்சங்களும் நாணயங்களும் கிடைத்து, தொல்லியல் ஆய்வுக்காகப் பணி நின்றது. வீட்டுக்கு வாணம் தோண்டும்போது செப்புத் திருமேனி கிடைப்பது நம் பக்கத்திலும் நடப்பதுதானே.

நம் பகுதியில் முடியுமா என்றால், கூடாது என்பதே என் பதில். உங்கள் குழாய் இறங்கும்போது வண்டல், மணல், களி, மறுபடி மணல் என்று மாறி மாறி வருவதையும், எல்லாவற்றிலும் நீர் நிற்பதையும் நீங்கள் அறிவீர்கள். கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்கு உள்ள தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, 8.5 கி.மீ. விட்டமுள்ள வளையத்தை அந்த ஈர மண்ணில் மயிரிழை அசையாமல் நிறுத்திவைப்பது மிகக் கடினம். அதைவிட, அந்த நீர் நம் சோற்றுக்கான நீர்.

கேள்வி: அந்த எந்திரத்தால் கருந்துளை உண்டாகி உலகம் அழியும் என்கிறார்களே?
– மயிலாடுதுறை

பதில்: அழியாது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள், இந்த மோதுவியில் நிகழ்வதைவிட வலிய மோதல்களை நம் வளிமண்டலத்தில் பல நூறு கோடி ஆண்டுகளாக நிகழ்த்திக்கொண்டே இருக்கின்றன. பூமி இருக்கிறது.

கேள்வி: ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா, குறுவை கைக்கு வருமா என்பதே எங்கள் கவலை. இவ்வளவு பணத்தைக் கொட்டித் துகளை மோதவிடுவதால் எங்களுக்கு என்ன?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு. நம் வரிப்பணமும் அதில் இருக்கிறது. அந்த வளையத்தில் 15 மீட்டர் நீளமும் 35 டன் எடையும் கொண்ட 1232 காந்தங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் தாங்கி, தலைமுடியின் தடிமன் அளவுக்கு நகர்த்திச் சரிசெய்யும் ஜாக்கிகள் ஏறத்தாழ 7000, இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையத்தின் பொறுப்பில் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை. தஞ்சாவூருக்குப் போய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தவர்கள் படுத்திருந்த குழாயைச் சுற்றி, நியோபியம் டைட்டானியம் கம்பி திரவ ஹீலியத்தின் குளிரில் மின்தடையின்றி மின்சாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பியைப் பெருமளவில் உற்பத்தி செய்ய ஆலைகள் பழகியது டெவட்ரான் மோதுவியின் தேவைக்காக. இணையத்தில் நாம் பார்க்கும் வலைப்பக்க முறையும் செர்னில் 1989-இல் டிம் பெர்னர்ஸ் லீ முன்மொழிந்ததே. 1993-இல் அதைக் காசு கேட்காமல் உலகுக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் இவற்றைக் காட்டி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. இவற்றுக்காக அந்த எந்திரம் கட்டப்படவில்லை. பொருள் எதனால் ஆனது, அதற்கு நிறை எப்படி வந்தது என்று அறிவதற்காகக் கட்டப்பட்டது. உங்கள் வாய்க்காலில் வண்டல் அள்ளுவதற்கான பணம் அதற்காக நிறுத்தப்படுமானால், நானும் உங்களோடு நின்று கேட்பேன். அறிவதற்கான ஆசையை மட்டும் வயிறு நிறைந்தவர்களுக்கு உரியது என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், 'அது சரி, அந்தப் புரோட்டானை எங்கிருந்து எடுக்கிறார்கள்?' என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். ஹைட்ரஜன் வாயுவிலிருந்துதான், ஐயா. ஒரு சிறு உருளையில் அடைத்த வாயு.

கேள்வி: இந்த ஆய்வில் சேர எனக்கு ஆசை. செர்னுக்குப் போகாமல் இங்கிருந்தே ஏதாவது செய்ய முடியுமா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், திருவையாறு

பதில்: இயற்பியலில் பட்டமும் முதுகலையும் முடித்து முனைவர் பட்டத்துக்குப் போக வேண்டும், சென்னை ஐ.ஐ.டி., மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முதலியவை சி.எம்.எஸ். குழுவில் இருக்கின்றன. நிரல் எழுதுவதை இப்போதே பழகுங்கள். செர்ன் 2014 முதல் தன் தரவுகளின் ஒரு பகுதியை இணையத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. மியூயான் என்பது எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்; இரண்டு மியூயான்களின் ஆற்றலையும் கோணத்தையும் எடுத்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டால் இசட் போசானின் மேடு உங்கள் கணினியிலேயே எழும்.

அதற்கு முன் துகளின் தடத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். நான் பணியாற்றிய கல்லூரியில் மாணவர்களோடு ஒரு முகில் கலம் செய்தோம். மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் அடியில் கம்பளித் துணியை ஒட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தொட்டியைக் கவிழ்த்து, கறுப்புப் பூச்சிட்ட உலோகத் தகட்டின் மேல் வைத்தோம். தகட்டின் கீழே, திருச்சியிலிருந்து தெர்மோகோல் பெட்டியில் வந்த உலர் பனி. முதல் நாள் இரண்டு மணி நேரம் காத்திருந்தும் தூறல்போல் ஒரு மூட்டத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. விளிம்பின் இடுக்கு வழியே வெளிக்காற்று புகுந்துகொண்டிருந்தது. மறுநாள் ஒரு மாணவி ஆற்றங்கரைக் களிமண்ணைப் பிசைந்து எடுத்துவந்து விளிம்பைச் சுற்றிப் பூசினார். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தோம். பத்து நிமிடத்தில், கறுப்புத் தகட்டுக்கு மேல் சிலந்தி நூல்போல் ஒரு வெள்ளைக் கோடு நீளமாக ஓடி, நின்று, கலைந்தது. அது மியூயான், வானத்தின் உயரத்தில் பிறந்து, கல்லூரியின் கூரையைத் துளைத்துக்கொண்டு வந்தது. உங்கள் உள்ளங்கையை விரித்தால் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் அவை அதன் வழியே போய்க்கொண்டிருக்கின்றன. உலர் பனியை வெறும் கையால் தொடாதீர்கள், சன்னலைத் திறந்துவையுங்கள், அருகில் தீ கூடாது, களிமண்ணைக் கட்டியில்லாமல் பிசையுங்கள்.